பட்டாளத்து வண்டி மக்கர் செய்தால்: ஜோங்கா, ஒன் டன் வைத்திருப்பவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எனக்குப் போன் வந்தால், யாரோ ஒருவர் வீட்டு வாசலில் ஜோங்கா (பட்டாளத்துப் பெரிய ஜீப்) ஸ்டார்ட் ஆகாமல் நிற்கிறது என்று பொருள். "அண்ணா, போன தடவை எடுத்தப்ப நல்லாத்தானே ஓடுச்சு?" என்பார்கள். போன தடவை எப்போது என்று கேட்டால் தீபாவளிக்கு முன்னால். இந்த வண்டிகளுக்கு வரும் கோளாறில் பெரும்பாதி நின்று நின்று வந்தவை. பட்டாளத்தில் தினமும் ஓடிய வண்டியை வாங்கி வந்து மாதக்கணக்கில் ஷெட்டில் போட்டு வைக்கிறோம், அது எங்கே கோபத்தைக் காட்டுமோ அங்கே காட்டுகிறது.

நான் மெக்கானிக் இல்லை. கோவையில் ஒரு நிசான் ஒன் டன் (பட்டாளத்துச் சின்ன லாரி) வைத்திருக்கிறேன், நண்பர்களின் ஜோங்காக்களுக்கு அடியில் படுத்து எழுந்து கற்றுக்கொண்டதுதான் கீழே இருப்பது. இரண்டும் ஜபல்பூர் தொழிற்சாலையில் நிசான் உரிமத்தில் செய்தவை, இரண்டிலும் அதே 3956 சிசி ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின்தான், அதனால் ஒன்றுக்குச் சொல்வது பெரும்பாலும் இன்னொன்றுக்கும் பொருந்தும். தோனி 2019-ல் ஒரு ஜோங்காவை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஆசைப்பட்டு வாங்கியவர்கள் அதிகம், ஸ்பேர் மட்டும் அதே அளவில்தான் கிடைக்கிறது. டீசல் எஞ்சின் மாற்றியவர்களும் பட்டாளத்து டீசல் லாரியான சக்திமான் வைத்திருப்பவர்களும் பிரேக்கிலிருந்து படித்தால் போதும்.

தொடங்கும் முன் இரண்டு விஷயம். உங்கள் வண்டி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஏலத்தில் வந்த வண்டிகளை ஆளுக்கொரு மாதிரி மாற்றியிருப்பார்கள், பாதி 12 பாதி 24 என்று ஓடிய ஒன்றையும் பார்த்திருக்கிறேன். அப்புறம், ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். பிளக், காயில், கண்டென்சர் மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றி வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டால், கோளாறு எதில் இருந்தது என்று கடைசிவரை தெரியாது.

## ஸ்விட்ச் போட்டால் "டக்" என்ற சத்தம் மட்டும், செல்ப் சுற்றவில்லை

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ப் அடியுங்கள்.

### லைட் மங்கிப்போகிறது

பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது இணைப்பு சரியில்லை. முதலில் பேட்டரி முனை இரண்டையும் கழற்றி, பச்சை பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிச் சுரண்டிவிட்டு இறுக்குங்கள். சும்மா நிற்கும்போது 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்ட வேண்டும், 12.2-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஏற்றாமல் மேலே போகாதீர்கள். செல்ப் அடிக்கும்போது 10-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

24 வோல்ட் வண்டியில் இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். பாட்டு கேட்க வேண்டும் என்று ஒரே ஒரு பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுத்து ஸ்டீரியோ மாட்டியிருப்பார்கள். அந்த ஒரு பேட்டரி மட்டும் இறங்கிக்கொண்டே போகும், மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஆகித் தண்ணீர் வற்றும், ஆறு மாதத்தில் இரண்டும் காலி.

### லைட் மங்கவில்லை, செல்ப்பும் அசையவில்லை

இங்கேதான் எல்லோரும் செல்ப் மோட்டாரைக் கழற்றிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள், எர்த்தைப் பாருங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்துவிட்டு, ஒருவரை செல்ப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. வண்டியை வாங்கியதும் புதுசாகப் பெயின்ட் அடிப்போம் இல்லையா, பெயின்டர் பாடி, சேஸ், எர்த் போல்ட் என்று பார்க்காமல் எல்லாவற்றின் மேலும் அடித்திருப்பார். அந்த இடத்தை இரும்பு தெரியும்வரை சுரண்டி, சேஸிலிருந்து எஞ்சினுக்கு கட்டை விரல் தடிமனில் தனியாக ஒரு எர்த் வயர் கொடுங்கள். என் வண்டியில் செல்ப், டிம் லைட், ஆடும் பெட்ரோல் முள் மூன்றும் அந்த ஒரு வயரில் சரியாயின.

(பெயின்ட் பேச்சு வந்ததால் சொல்கிறேன், பட்டாளத்து ஆலிவ் பச்சையைத் தனியார் வண்டிக்கு அடிக்க மோட்டார் வாகன விதிகள் அனுமதிப்பதில்லை. ஆசையாக அடித்துவிட்டு செக்போஸ்டில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள்.)

எர்த்தும் சரி என்றால் சாலினாய்டு, அதாவது செல்ப் மோட்டாருக்குக் கரண்ட் விடும் பெரிய ஸ்விட்ச். கியர் நியூட்ரலில் இருக்கிறதா, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா என்று இருமுறை பார்த்துவிட்டு, சாலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டையும் தடித்த ஸ்க்ரூ டிரைவரால் இணையுங்கள். சுற்றினால் சாலினாய்டு போச்சு, சுற்றாவிட்டால் மோட்டார் போச்சு. மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் நீங்களே மாற்றலாம். ஆர்மேச்சர் கறுத்திருந்தாலோ காயில் கருகின வாடை வந்தாலோ வைண்டிங் கடைக்குக் கொடுத்துவிடுங்கள்.

## செல்ப் நன்றாகச் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

பெட்ரோலா, கரண்ட்டா? இதை முதல் இரண்டு நிமிடத்தில் பிரித்துவிட வேண்டும். ஏர் கிளீனரைக் கழற்றி கார்பரேட்டர் வாய்க்குள் பார்த்துக்கொண்டே ஆக்ஸிலேட்டர் கம்பியை இழுங்கள். உள்ளே பெட்ரோல் பீய்ச்சினால் பெட்ரோல் வருகிறது, வண்டியைக் கெடுத்தது கரண்ட். வெறும் காற்றுதான் என்றால் பெட்ரோல் பக்கம் போங்கள்.

### பெட்ரோல் வருகிறது, கரண்ட் இல்லை

ஒரு பிளக் வயரைக் கழற்றி வேறொரு பிளக்கில் மாட்டி, அதை எஞ்சின்மேல் படும்படி வைத்து செல்ப் அடியுங்கள், கார்பரேட்டரை விட்டுத் தள்ளியே வையுங்கள். நீலமாகச் சடசடவென்று அடித்தால் நல்லது. மஞ்சளாக நோஞ்சானாக வந்தாலோ வரவே இல்லை என்றாலோ டிஸ்ட்ரிபியூட்டர் (ஆறு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்து அனுப்புவது) மூடியைத் திறங்கள்.

பத்தில் ஆறு முறை பாயிண்ட்தான், உள்ளே திறந்து மூடிக் கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் சின்னக் கான்டாக்ட் அது. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பாயிண்ட் முகத்தில் மெல்லிய சாம்பல் படலம் படிந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது, கரண்ட் மட்டும் போகாது. நைஸ் எமரி பேப்பரை நடுவில் விட்டு இரண்டு இழுப்பு, பிறகு பெட்ரோலில் நனைத்த சுத்தமான காகிதத்தை விட்டு ஒரு இழுப்பு. இடைவெளி, கேம் உச்சியில் இருக்கும்போது சுமார் அரை மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் இல்லாத இடத்தில் எங்கள் பெரியவர் ஒருவர் ஹாக்ஸா பிளேடை விட்டுப் பார்ப்பார், அது கொஞ்சம் தடிமன், ஆனாலும் வீடுபோய்ச் சேர அது போதும்.

பாயிண்டின் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடும் விழுந்திருந்தால் கண்டென்சர் போகப்போகிறது. கண்டென்சரைச் சோதிக்க நல்ல ஒன்றை மாட்டிப் பார்ப்பதுதான் வழி. புதிது என்பதால் நல்லது என்று நம்பிவிடாதீர்கள், நான் வாங்கிய புதுக் கண்டென்சர்களில் இரண்டு பெட்டியிலேயே செத்திருந்தன. ஓடிக்கொண்டிருந்த பழைய கண்டென்சர் எங்காவது கிடைத்தால் டூல் பாக்ஸில் போட்டு வையுங்கள், கோவை உக்கடத்திலும் சென்னை புதுப்பேட்டையிலும் பழைய ஸ்பேர் கடைகளில் பழைய டிஸ்ட்ரிபியூட்டரோடு சேர்ந்து வரும்.

அடுத்தது காயில், பிளக்கில் பொறி பறக்க வேண்டிய உயர் வோல்ட்டைத் தருவது. ஸ்விட்சைப் போட்டுவிட்டு மறந்து போனால், பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருக்கும்போது காயில் அரை மணி நேரத்தில் தொட முடியாத அளவுக்குச் சுட்டுவிடும். என் வண்டியில் சாவி கிடையாது, திருகு ஸ்விட்ச்தான், அண்ணன் பையன் திருகி விளையாடியதில் ஒரு காயிலைப் பறிகொடுத்தேன்.

கரண்ட் நீலமாக வருகிறது, ஆனால் கார்பரேட்டரில் "படார்" என்று வெடிக்கிறது என்றால் பிளக் வயரை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். வரிசை 1-5-3-6-2-4. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உள்பக்கத்தை வெயிலில் பிடித்துப் பாருங்கள், பென்சில் கோடுபோல் மெல்லிய கறுப்பு வரி இருந்தால் அது விரிசல், மழைநாளில் மட்டும் ஸ்டார்ட் ஆகாத வண்டிகளுக்கு அதுவே காரணம்.

இவ்வளவும் பார்த்தும் கரண்ட் இல்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டரின் ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் புஷ் தேய்ந்துவிட்டது, பாயிண்ட் இடைவெளியை எத்தனை தடவை வைத்தாலும் நிற்காது. அதை லேத்தில் கொடுத்து புஷ் போட வேண்டும், வீட்டு வேலை இல்லை.

### பெட்ரோல் வரவில்லை

டேங்கில் இருக்கிறதா என்று குச்சி விட்டுப் பாருங்கள். சிரிக்காதீர்கள், இந்த வண்டிகளின் பெட்ரோல் முள்ளை நம்பி நானே நடந்திருக்கிறேன்.

பிறகு ஏசி பம்ப்பிலிருந்து (எஞ்சினில் இருக்கும் பெட்ரோல் பம்ப்) கார்பரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வயரை எடுத்துவிட்டு செல்ப் அடியுங்கள். நல்ல பம்ப் விட்டு விட்டுப் பீய்ச்சும். வராவிட்டால் பம்ப்பின் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றுங்கள், அடியில் துருத் தூளும் தண்ணீரும் இருக்கும். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், நிற்கும் வண்டியின் டேங்கில் ஒரு கட்டத்தில் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து கீழே படியும். குழாய் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். கிண்ணத்தில் இரண்டு நிறமாகப் பிரிந்து தெரிந்தால் டேங்கைக் காலி செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

அதே எத்தனால்தான் பழைய ரப்பரையும் தின்கிறது. பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்தால் இரண்டு விதமாகத் தெரியும்: ஒன்று பெட்ரோல் வெளியே சொட்டும், இன்னொன்று எஞ்சின் ஆயிலுக்குள் இறங்கும். இரண்டாவதுதான் ஆபத்து. ஆயில் குச்சியை எடுத்து மோந்து பாருங்கள், பெட்ரோல் வாடை அடித்தாலோ ஆயில் அளவு தானாக ஏறியிருந்தாலோ எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள், பேரிங் போய்விடும். பம்ப் கிட் மாற்றி, ஆயிலை முழுக்க இறக்கி, புது ஆயில் ஊற்றிய பிறகுதான் ஸ்விட்சைத் தொட வேண்டும். எத்தனாலைத் தாங்கும் டயாஃப்ரம், தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள், விலை கூடத்தான், ஆனால் எஞ்சின் பக்கத்தில் பெட்ரோல் சொட்டும் ஹோஸோடு ஓட்டுவதைவிடப் பரவாயில்லை. இரண்டு கிலோ தீயணைப்பான் ஒன்று டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

## நன்றாக ஓடுகிறது, சூடானதும் நின்றுவிடுகிறது. ஆறினால் ஸ்டார்ட் ஆகிறது

எனக்கு அதிகம் முடி நரைத்தது இதனால்தான். நின்றதும் டீ குடிக்கப் போகாதீர்கள். டீ குடித்து வருவதற்குள் வண்டி ஆறிவிடும், சாட்சியும் அழிந்துவிடும். நின்ற அந்த நிமிடத்திலேயே மேலே சொன்ன இரண்டு சோதனையையும் செய்யுங்கள்.

### அந்த நிமிடத்தில் கரண்ட் இல்லை

காயில், இல்லாவிட்டால் கண்டென்சர். சூட்டில் உள்ளே அறுந்து, ஆறினால் ஒட்டிக்கொள்ளும். ஈரத்துணியைக் காயில் மேல் போட்டு ஸ்டார்ட் ஆகிறதா பாருங்கள், ஆகிவிட்டால் காயில்தான். எஞ்சின்மேலேயே காயிலைப் பொருத்தியிருந்தால் பாடிப் பக்கம் மாற்றிவிடுவது நல்லது.

### கரண்ட் இருக்கிறது, பெட்ரோல் இல்லை

இரண்டு சாத்தியம். குழாயிலோ பம்ப்பிலோ பெட்ரோல் கொதித்து ஆவியாகி அடைத்துக்கொள்வது ஒன்று. பம்ப் மேல் ஈரத்துணி போட்டு ஐந்து நிமிடத்தில் சரியானால் அதுதான், சைலன்சர் பக்கமாகப் போகும் குழாயைத் தள்ளிக் கட்டி, நடுவில் ஒரு தகரத்தைத் தடுப்பாக வையுங்கள். மலை ஏற ஏற இது அதிகமாகும், உயரத்தில் பெட்ரோல் இன்னும் சீக்கிரம் கொதிக்கும்.

இன்னொன்று டேங்க் மூடி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது பர்லியார் தாண்டியதும் என் வண்டி நிற்கும். இருபது நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆகும், இன்னும் நாலைந்து கிலோமீட்டர் போகும், மறுபடி நிற்கும். கார்பரேட்டரை இரண்டு முறை கழுவினேன், பம்ப் மாற்றினேன், காயில் மாற்றினேன், ஒரு மெக்கானிக் எஞ்சினைப் பிரிக்கவே நாள் குறித்துவிட்டார். நாலாவது தடவை நின்றபோது, பெட்ரோல் இருக்கிறதா பார்க்கலாம் என்று கூட வந்த மாப்பிள்ளை டேங்க் மூடியைத் திறந்தான், "புஸ்" என்று காற்றை உள்ளே இழுத்தது, உடனே வண்டி ஸ்டார்ட் ஆனது. பழைய மூடி தொலைந்துபோய் நானே ஆசையாக லேத்தில் கடைந்து வாங்கி மாட்டிய பித்தளை மூடி அது, பார்க்க அவ்வளவு அழகு. காற்றுத் துளையே வைக்கவில்லை. பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பம்ப்பால் இழுக்க முடியாமல் போயிருக்கிறது. ஒன்றரை மில்லிமீட்டர் டிரில் பிட்டில் முடிந்த வேலைக்கு நான் எட்டாயிரம் ரூபாய் செலவழித்திருந்தேன்.

ஆகவே வண்டி நின்றால் முதலில் டேங்க் மூடியைத் திறந்து காது கொடுத்துக் கேளுங்கள், காசு செலவில்லாத சோதனை.

## ஏற்றத்தில் இழுக்கவில்லை

ஊட்டியில் இழுக்கவில்லை என்றால் பதறாதீர்கள். 2200 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து எஞ்சின் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழந்துவிடும், சமவெளிக்கு வைத்த ஜெட்டில் கொஞ்சம் கறுப்புப் புகையும் வரும். கீழே இறங்கினால் இரண்டும் சரியாகிவிடும்.

கோவையிலேயே இழுக்கவில்லை என்றால் வரிசை இதுதான். சோக் முழுதும் திறக்கிறதா, ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் கார்பரேட்டர் பட்டாம்பூச்சி முழுதும் திறக்கிறதா (கால் மிதியடி மடிந்து தடுத்த கதையும் உண்டு), ஒரு டிரம்மாவது ஓடிய பிறகு மற்றதைவிடச் சுடுகிறதா என்று பாருங்கள், பிரேக் பிடித்துக்கொண்டே ஓடினால் எந்த எஞ்சினும் இழுக்காது. பிறகு டைமிங். அதன் பிறகு ஐடிலில் ஒவ்வொரு பிளக் வயராக எடுங்கள், எடுத்தும் எஞ்சின் சத்தம் மாறாத சிலிண்டர்தான் வேலை செய்யாதது.

அந்த சிலிண்டருக்கு கம்ப்ரஷன் பாருங்கள். மற்ற ஐந்தோடு ஒப்பிட்டால் போதும், தனி எண்ணைத் தேட வேண்டாம். குறைவாக இருந்தால் பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கட். இந்த மூன்றில் எதுவானாலும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, இந்த எஞ்சினை முன்பு பிரித்துக் கோர்த்த அனுபவம் உள்ளவரைத் தேடுங்கள். ரிங், கேஸ்கட் கையில் வராமல் எஞ்சினைப் பிரிக்க விடாதீர்கள், பிரித்த எஞ்சின் கோணியில் இரண்டு வருடம் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

## ஹீட் ஆகிறது

கொதிக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், அரை மணி நேரம் ஆறட்டும்.

டவுனில் நின்று நகரும்போது மட்டும் ஏறுகிறது என்றால் ஃபேன் பக்கம்: பெல்ட் தளர்வு, அல்லது ஃபேனைச் சுற்றி இருக்க வேண்டிய கூண்டை முந்தைய ஓனர் கழற்றி எறிந்திருப்பார். ஹைவேயிலும் ஏற்றத்திலும் மட்டும் ஏறுகிறது என்றால் ரேடியேட்டருக்குள் உப்பு படிந்து அடைத்திருக்கிறது. ஓடிய வண்டியின் ரேடியேட்டர் முகத்தைக் கையால் தடவுங்கள், இடையில் ஜில்லென்று இருக்கும் பட்டைகளில் தண்ணீர் ஓடவில்லை. அதை ரேடியேட்டர் கடையில் தொட்டி பிரித்து கம்பி விட்டுத்தான் எடுக்க முடியும். போர்த் தண்ணீரை ஊற்றுவதை நிறுத்தாவிட்டால் அடுத்த வருடமும் அதே கடைக்குத்தான்.

தண்ணீர் குறைந்துகொண்டே இருக்கிறது, வெளியே ஒழுகல் இல்லை என்றால் ஆயில் குச்சியைப் பாருங்கள். டீ நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. டோ செய்து கொண்டுபோங்கள்.

## பிரேக்

இதை மட்டும் வேறு மாதிரி படியுங்கள். மற்ற கோளாறு வண்டியை நிறுத்தும், இது நிறுத்தாது. பெரும்பாலான பழைய வண்டிகளில் நான்கு வீலுக்கும் ஒரே குழாய் வரிசைதான், எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கும் போகும்.

### மிதித்துப் பிடித்தால் பெடல் மெதுவாகக் கீழே இறங்குகிறது

வெளியே ஒழுகல் இருந்தால் நான்கில் ஏதாவது ஒரு வீலின் உள்பக்கம் ஈரமாக இருக்கலாம், பாருங்கள். ஒழுகல் இல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டருக்குள் வாஷர் போயிருக்கிறது. எப்படியானாலும் வண்டி நகரக் கூடாது. "மெதுவா ஓட்டிக்கிட்டு ஒர்க்‌ஷாப் போயிடலாம்" என்று நினைக்க வேண்டாம், ஒன் டன் வண்டி மெதுவாகப் போய் மோதினாலும் எதிரில் இருப்பது ஆல்ட்டோ.

### பெடல் பஞ்சு மாதிரி, இரண்டு மூன்று முறை மிதித்தால் பிடிக்கிறது

ஷூ தேய்ந்து அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்திருக்கலாம், அதை முதலில் இறுக்குங்கள். பிறகு ஏர் எடுங்கள், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான வீலில் தொடங்கிக் கிட்டே வாருங்கள். ஏர் எடுத்தும் வாரத்துக்குள் திரும்பி வந்தால் வீல் சிலிண்டர் காற்றை உள்ளே விடுகிறது.

### ஓட ஓட பிரேக் தானாகப் பிடித்துக்கொள்கிறது

பெடலின் கம்பிக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் நடுவில் சிறிதளவு ப்ளே, அதாவது இடைவெளி, இருக்க வேண்டும். அதை யாராவது இறுக்கி வைத்துவிட்டால் பிஸ்டன் முழுதும் திரும்பாது, பிரேக் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சின்னத் துளை மூடியே இருக்கும், சூட்டில் ஆயில் விரிந்து பிரேக் தானே பிடிக்கும். ரோட்டில் இது நடந்தால் ஒரு வீலின் பிளீடர் நட்டைத் தளர்த்துங்கள். பீய்ச்சி அடித்து எல்லா வீலும் விட்டுவிட்டால் கோளாறு மாஸ்டரில். அந்த ஒரு வீல் மட்டும் விட்டால் அதற்குப் போகும் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கிறது, வெளியே பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும். நட்டை மறுபடி இறுக்கி, டப்பாவில் ஆயில் ஊற்றி, பெடல் கெட்டியாக இருக்கிறதா பார்க்காமல் நகராதீர்கள்.

பிரேக் ஆயிலும் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலோ ஹைட்ராலிக் ஆயிலோ ஊற்றினால் எல்லா ரப்பரும் ஊதிப்போகும், பிறகு முழு லைனையும் பிரிக்க வேண்டியதுதான். வாஷர் மாற்றுவது, ஏர் எடுப்பது வரைக்கும் நீங்கள் செய்யலாம். சிலிண்டரில் குழி விழுந்து ஸ்லீவ் போடுவது, டிரம் கடைவது, ஷூவுக்கு லைனிங் ஒட்டுவது எல்லாம் அந்தந்தக் கடைக்காரர் வேலை.

## 50-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் வெறிபிடித்து ஆடுகிறது

ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்து, மெல்ல வேகத்தைக் குறையுங்கள். ஆடும்போது பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டாம்.

மாதக்கணக்கில் நின்ற டயரில் தரையைத் தொட்ட இடம் தட்டையாகிவிடும். முதல் பத்து கிலோமீட்டர் ஆடி, பிறகு குறைந்தால் அது டயர்தான். குறையாவிட்டால் காற்று, வீல் நட், பிறகு முன்வீலை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். கூட ஒருவர் பிரேக்கை மிதித்தபடி இருக்கும்போது ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின், முன்வீல் திரும்பச் சுழலும் ஊசி அது. வீல் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறிதாக ஆட்டினால் எந்த ராடு எண்ட் குதிக்கிறது என்று கீழே படுத்துப் பார்க்கலாம். ஸ்பிரிங் பட்டையின் ஷேக்கிள் புஷ்ஷையும் யு போல்ட்டையும் விட்டுவிடாதீர்கள். கிங்பின் வேலையை, அதை முன்பு செய்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

டயர் மாற்றும்போது உங்கள் ரிம் ரிங் வைத்ததாக இருந்தால் பஞ்சர் கடைப் பையனிடம் அவசரப்படுத்தாதீர்கள். ரிங் சரியாக உட்காராமல் காற்று ஏற்றினால் அது பீரங்கிக் குண்டு மாதிரி பறக்கும். லாரி டயர் போடும் கடையில், கூண்டுக்குள் வைத்து, தள்ளி நின்று ஏற்றச் சொல்லுங்கள்.

## 4x4 லீவர் மாட்டிக்கொண்டது, வெளியே வரவில்லை

தார் ரோட்டில் போட்டிருப்பீர்கள். முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் திருப்பத்தில் வேறு வேறு தூரம் உருளும், மண்ணில் டயர் வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும், தாரில் வழுக்காது, முறுக்கெல்லாம் டிரான்ஸ்ஃபர் கேஸில் (முன் பின் ஆக்ஸிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) சேர்ந்துவிடும். லீவரை அடித்துப் பிடுங்கினால் உள்ளே ஃபோர்க் வளையும். பத்தடி நேராக ரிவர்ஸ் எடுத்துக்கொண்டே, கிளட்ச் மிதித்து லீவரை இழுத்துப் பாருங்கள், பெரும்பாலும் வெண்ணெயாக வந்துவிடும். வராவிட்டால் ஒரு பக்க டயரை மண்ணில் இறக்கி முன்னும் பின்னும் கொஞ்சம் நகர்த்துங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஒரு முன்வீலை ஜாக்கியில் தூக்குங்கள், மற்ற வீல்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு. முறுக்கு விடும்போது அந்த வீல் சட்டென்று சுற்றும், கையைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.